அண்ணன் ஒற்றைக் கையால் செய்த சூரை சாலட்

எவர்சில்வர் கிண்ணம் சமையல் மேடையில் ஒரு சுற்றுச் சுற்றி, விளிம்பு தாண்டி, தரையில் விழுந்து உருண்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உள்ளே இருந்த மீனும் மயோனைஸும் சுவரில் அப்பிக்கொண்டன. அண்ணன் இடது கையில் முள்கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தார். வலது கை தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த மைனி, அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், துணியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"நீ தொடாண்டாம். நான் போட்டத நானே வாரியேன்," என்றார் அண்ணன்.

வாரவும் செய்தார். தரையில் உட்கார்ந்து, சுவரைத் துடைத்து, மறுபடி எழுந்திருக்க மேடையைப் பிடித்து அவர் பட்ட பாட்டை நாங்கள் இருவரும் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். உதவப் போகும் துணிச்சல் எங்களுக்கு இல்லை.

அண்ணன் மலையாள ஊரான தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து பாத்திரம் கழுவும் வேலைக்கு வந்து, காய் நறுக்கி, அடுப்படியில் நின்று, ஒவ்வொரு படியாக மேலே வந்தவர். எனக்கு அதே நகரத்துக் கழக்கூட்டத்தில் மென்பொருள் அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது அவர் வீடு இருந்ததால்தான் அப்பா பெண்பிள்ளையான என்னை இங்கே அனுப்பச் சம்மதித்தார். ஒருநாள் காலையில் ஹோட்டல் அடுப்படியில் சாம்பார் அண்டாவை இறக்கப் போனவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பேச்சு குழறாமல் தப்பித்தது. கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. அலுவலகத்துக்குப் பக்கத்தில் தங்கியிருந்த ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு நான் அவர் வீட்டுக்கு வந்தேன்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, அதைப் பிடித்துப் பிடித்து விடச் சொன்னார். அண்ணன் சில வாரம் சொன்னபடி கேட்டார். பிறகு அவருக்கு அலுத்துவிட்டது. வீட்டில் அவர் சாப்பிடும் சோறு குறைந்தது. பேச்சும் குறைந்தது. மைனி என்னைத் தனியே கூப்பிட்டு, "இந்த மனுசன் இப்படியே இருந்தா வேற என்னமோ ஆயிருவாரு பிள்ளே," என்றார்.

அந்தச் சமயத்தில்தான் ஹோட்டல் மேனேஜர் ஆரஞ்சுப் பழப் பையோடு பார்க்க வந்தார். மலையாளி. தமிழ் கலந்து பேசுவார். "அடுப்புப் பக்கம் இனி வேண்டா. சான்ட்விச், சாலட் செய்யற இடத்துல ஓராள் வேணும். பற்றுமெங்கில் வா, நோக்காம்," என்றார். முடியுமானால் வா, பார்க்கலாம் என்ற அந்தப் பேச்சில், இவர் வரப்போவதில்லை என்ற முடிவும் இருந்ததாகவே எனக்குப் பட்டது. அவர் செருப்பு மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அண்ணன் மைனியிடம், "நாளைக்கு ஒரு துண்டு சூரை வாங்கி அவிச்சு வை," என்றார்.

ஹோட்டலில் டின்னில் வரும் டூனாவைத்தான் பயன்படுத்துவார்கள். வீட்டில் பழகுவதற்கு இந்தக் கடலில் கிடைக்கும் சூரை போதும், இரண்டும் ஒரே இனம்தானே என்றார். இரண்டு கை உள்ளவர்களுக்கு அது வெகு சுலபமான வேலை. மீனை உதிர்க்க வேண்டும், வெங்காயத்தைப் பொடியாக அரிய வேண்டும், எலுமிச்சை பிழிந்து, மிளகு தூவி, மயோனைஸ் சேர்த்துக் கிளறி, ரொட்டிக்கு நடுவில் வைக்க வேண்டும். ஒரு கைக்கு அதில் ஒவ்வொன்றும் ஒரு மலை. கிளறினால் கிண்ணம் ஓடியது. வெங்காயம் கத்திக்கு அடியிலிருந்து நழுவியது. இடது கை உப்பைக் கூட ஒழுங்காகத் தூவ மறுத்தது.

"விட்டிருங்க, வெங்காயத்த மட்டும் நான் அரிஞ்சு தாறேன்," என்றார் மைனி, பொறுக்க முடியாமல்.

"ஹோட்டல்ல நீ வந்து அரிஞ்சு தருவியா?"

மைனி மறுபடி கதவோரத்துக்கே போனார்.

கிண்ணம் விழுந்த மறுநாள் ஈரத்துணியை மடித்து அதன்மேல் கிண்ணத்தை வைத்தார். அது அசையவில்லை. பக்கத்து வீட்டுத் தச்சரிடம் சொல்லி, பலகையில் துருப்பிடிக்காத ஆணியை முனை மேலே நீட்டி நிற்க அடித்து வாங்கிக்கொண்டார். வெங்காயத்தை அந்த ஆணியில் குத்தி நிறுத்தினால் கத்திக்கு அடங்கி நின்றது. அரிந்த வெங்காயத்தை உப்பு நீரில் போட்டுக் காரம் இறங்கியதும், துணியில் கட்டிக் குழாயில் மாட்டி முறுக்கிப் பிழிந்தார். "வெள்ளம் நின்னுதுன்னா ரொட்டி ஊறிப்போவும் பிள்ளே. சான்ட்விச்சே நாசம்," என்பார். ரொட்டியை வெட்டும்போதுதான் எனக்குத் தாங்கவில்லை. செயலற்ற வலது கையை இடது கையால் தூக்கி, கையுறை மாட்டி, ரொட்டியின் மேல் வைத்து, அதன் கனம் அழுத்திப் பிடித்திருக்க, இடது கையால் வெட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, "எதுக்கு அழுகே? இவனும் சும்மா இருக்கக் கூடாதுல்லா," என்றார்.

நாங்கள் மாதக்கணக்கில் சூரை சான்ட்விச் தின்றோம். அலுவலகத்தில் என் டப்பாவைத் திறந்தாலே பக்கத்து இருக்கைப் பெண் சிரிப்பாள்.

கை பழகிவிட்டது என்று அவரே சொன்ன நாளில், ஹோட்டலுக்கு அவரை நான்தான் ஆட்டோவில் கூட்டிப்போனேன். கையுறைகளையும் ஆணிப் பலகையையும் பையில் வைத்திருந்தார். மேனேஜர் பக்கத்தில் நின்று பார்த்தார். அடுப்படியில் இருந்தவர்களும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். டின்னைச் சுவர் மூலையில் முட்டுக்கொடுத்து, கரண்டிக் காம்பால் வளையத்தை நெம்பி, மூடியை இழுத்துத் திறந்தார். எண்ணெயை வடித்தார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். ஆனால் நேரம் பிடித்தது. நான் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மேனேஜர் ஒரு துண்டைத் தின்றார். "ருசி கொள்ளாம்," என்று ருசியை ஒப்புக்கொண்டவர், கொஞ்சம் தயங்கி, "பட்சே உச்சைக்குத் திரக்கு வந்தா? ஆளுகள் காத்து நிக்குமோ?" என்று கேட்டார். மதியக் கூட்டத்தில் இந்த வேகம் போதாது என்பது எனக்கும் தெரிந்தது. கிளம்பலாம் என்று பையை எடுத்தேன்.

அண்ணன் நகரவில்லை. "சாரே, இது ஆள் வந்தபெறவு செய்யற சாதனம் இல்ல. செஞ்சு ஃப்ரிட்ஜ்ல வச்சாத்தான் ருசி பிடிக்கும். நான் விடியும்போதே வாறேன். உச்சைக்கு எடுத்து ரொட்டியில வைக்கிறத ஆரும் செய்யலாம். கலக்கறது நானாக்கும்," என்றார். கெஞ்சும் குரல் இல்லை அது. வேலையைப் பற்றி ஒரு சமையல்காரர் இன்னொருவருக்குச் சொல்லும் குரல்.

மேனேஜர் மீதித் துண்டையும் தின்று கையைத் துடைத்துக்கொண்டார். "நாளெ ராவிலே வா," என்றார். நாளை காலையிலேயே வரச் சொல்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமானது.

வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். ஏறி உட்கார்ந்த பிறகு அண்ணன் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார். வீடு வரும்வரை அந்தக் கை கீழே இறங்கவில்லை.

பல வருடம் ஆகிவிட்டது. எனக்குக் கல்யாணமாகி, கழக்கூட்டத்திலேயே பிள்ளைகளோடு இருக்கிறேன். அண்ணனின் வலது கை இன்றுவரை திரும்பவில்லை. அவர் இன்றும் முதல் பஸ்ஸைப் பிடித்துத் தம்பானூருக்குப் போகிறார். மதியத்தில் அவர் சாலட்டை ரொட்டியில் வைத்துக் கொடுப்பவர்கள் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள். இன்று காலையில் வேறு ஏதோ விஷயமாகக் கூப்பிட்டேன். போனை யாரோ எடுத்து அவர் காதருகே பிடித்திருக்க வேண்டும். பின்னால் கரண்டி கிண்ணத்தில் உரசும் ஓசை நிற்காமல் கேட்டது.

"பெறவு கூப்பிடு பிள்ளே," என்றார் அண்ணன். "கையில வேலை இருக்கு."