துணி மாற்றியவரைக் கேளுங்கள்

அன்று கவினின் வயிறு றபான் மேளம் மாதிரி விறைத்திருந்தது. கைகால்கள் குச்சி. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்றாள் தாய் செல்வி.

கவின் டவுன் சிண்ட்ரோம் உள்ள இரண்டு வயதுப் பிள்ளை. ஜிந்துப்பிட்டியிலிருந்து மாதா மாதம் எங்கள் சிறுவர் கிளினிக்குக்கு வருவான். நான் அங்கே தாதி. அவனுடைய கார்டில் ஏழு தரம் ஒரே வசனம், என் கையெழுத்தில்: "டவுன் பிள்ளை. மலச்சிக்கல். சிரப் தொடரவும்." அன்று சின்ன டொக்டர் சிரப்பைக் கூட்டச் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். நானும் எட்டாம் தரம் எழுதப் பேனையை எடுத்துவிட்டேன்.

செல்வி எழும்பவில்லை. "போன மாசமும் இதைத்தானே மிஸ் சொன்னீங்க? இவன் வயிறுதான் வளருது. இவன் வளரல."

எனக்குச் சுள்ளென்றது. வெட்கமாகவும் இருந்தது. கார்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். பிறந்த பிறகு முதல் மலம் எப்போது போனது என்று அதில் ஒரு கேள்வி உண்டு. 'முதல் நாள்' என்ற பெட்டியில் நானே சரி போட்டிருந்தேன்.

"செல்வி, பிறந்த அண்டைக்கே கறுப்பாப் போனவனோ? நீங்கள் கண்ணால கண்டனீங்களோ?"

"நான் எங்க மிஸ் கண்டேன்? வயித்த வெட்டி எடுத்தாங்க. எழும்பவே முடியல. நீங்க கேட்டீங்க, ஆமான்னு சொல்லிட்டேன்."

"அப்ப துணி மாத்தினது ஆர்?"

"அவரோட அக்கா. புறக்கோட்டையில துணிக்கடையில நிக்கிறாங்க."

செல்வியின் போனிலேயே எடுத்தோம். கடைச் சத்தத்துக்கு மேலாக அக்கா கத்தினார்: "மறக்குமா மிஸ்? ரெண்டு நாளு துணி காஞ்சே கெடந்துச்சு! மூணாம் நாளு நர்ஸ் பின்னால மருந்து வச்சப்பறம்தான் போனான். சந்தோஷத்துல வார்டுக்கே பிஸ்கட் குடுத்தேனே!"

"ஐயோ, இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"என்னைய யாரு கேட்டா?"

நியாயம்தான். ஒருவரும் கேட்கவில்லை. குடலின் கடைசித் துண்டில் நரம்பில்லாமல் பிறக்கிற பிள்ளைகள் உண்டு. டவுன் பிள்ளைகளில் அது கூடுதல். அந்தத் துண்டு சுருங்கியே கிடக்கும். மேலே எவ்வளவு சிரப் ஊற்றினாலும் கீழே வழி விடாது. முதல் மலம் பிந்துவது அதற்கு ஒரு பெரிய அறிகுறி. இப்படியே விட்டால் குடலில் கிருமி பிடித்து உயிருக்கே ஆபத்து. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? டவுன் என்று எழுதியதோடு என் மூளை கடையைப் பூட்டிவிட்டது.

பெரிய டொக்டர் பையோடு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில் போய் மறித்து நின்று, கவினைப் பார்க்கச் சொன்னேன்.

"டவுன் பிள்ளையளுக்கு மலச்சிக்கல் வாறதுதானே மிஸ்?"

"ஓம் டொக்டர். நானும் அப்பிடித்தான் ஏழு தரம் எழுதினனான். ஏழும் பிழை. முதல் மலம் மூண்டாம் நாள்தான் போயிருக்கு. நீங்கள் பாக்காமல் நான் வாசலை விட்டு அரக்கமாட்டன்."

முறைத்தார். பிறகு பையை வைத்தார். கையுறை போட்டு ஆசனவாயில் விரல் வைத்துப் பார்த்து எடுத்ததுதான் தாமதம், காற்றும் மலமும் பீறிட்டு அவருடைய வெள்ளைச் சட்டைக் கை நனைந்தது. அவர் கோபிக்கவில்லை. "சேர்ஜனுக்கு இப்பவே கோல் எடுங்கோ" என்றார்.

எக்ஸ்ரேயும் பயாப்சியும் அதையேதான் சொல்லின. முதலில் மலம் வெளியேற வயிற்றில் வழி திறந்து பை வைத்தார்கள். சில மாதம் கழித்து நரம்பில்லாத துண்டை வெட்டி நல்ல குடலைக் கீழே இணைத்தார்கள். கடைசியாக வயிற்றில் திறந்த வழியையும் மூடினார்கள். செல்வி பையைக் கழுவப் பழகினாள். ஒரு நாளும் அழுது நான் காணவில்லை.

அதன் பிறகு எங்கள் கார்டில் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் பேனையால் ஒரு வரி சேர்த்தேன்: "கண்ணால் கண்டவர் யார்?" ஓய்வு பெறும் வரை எழுதினேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, நோயின் பெயரைக் கண்டவுடன் கேள்வியை நிறுத்தாதீர்கள். துணி மாற்றியவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.

வழியை மூடிய நாலாம் நாள் செல்வி போனில் கத்தினாள்: "மிஸ், தானாவே போயிட்டான்!" அடுத்த நாள் கிளினிக்குக்கு ஒரு பெட்டி பிஸ்கட் வந்தது, புறக்கோட்டை அக்கா கொடுத்துவிட்டது.

"ஆருக்கு மிஸ் பேர்த்டே?" என்று கேட்டார் சின்ன டொக்டர்.

"ஒருத்தருக்குமில்லை. கவின் கக்கா இருந்திட்டான். எடுங்கோ, சாப்பிடுங்கோ."