தாமதமாகக் கேட்கப்பட்ட சுகந்தி அக்கா

செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் புறப்படும்போது சுகந்தி அக்காவின் மகன் ஆரன் அழைத்தான். "மாமா, அம்மா போயிட்டா." தமிழில் அவ்வளவுதான் வந்தது, மிச்சத்தை டேனிஷில் சொல்லி அழுதான். கோபன்ஹேகனை ஒட்டிய புரொண்பியில் அக்காவின் வீட்டுக்குப் போய்வந்த உங்களில் பலருக்கு, அவர் என்ன வேலை செய்தார் என்பது தெரியாது.

டென்மார்க் யாரிடம் ஆயுதம் வாங்குகிறது, யாரை நம்பியிருக்கிறது என்று ஆராயும் அலுவலகம் ஒன்றில் நானும் அக்காவும் நெடுங்காலம் ஒன்றாக வேலை செய்தோம். பல ஆண்டுகளுக்கு முன் அக்கா ஓர் அறிக்கை எழுதினார். போர்விமானம், உதிரிப்பாகம், மென்பொருள் எல்லாவற்றுக்கும் அமெரிக்காவையே நம்பியிருப்பது ஆபத்து; அண்டை நாடுகள், பிரான்ஸ், தென்கொரியா என்று உறவை இப்போதே விரிக்க வேண்டும் என்றார். கூட்டத்தில் சிரித்தார்கள். வெளியே வந்ததும் என்னிடம், "உறவு நல்லாயிருக்கேக்கைதான் வேற ஆக்களையும் தேடவேணும். கோவிச்சாப்பிறகு தேடினா ஆர் வருவினம்?" என்றார். அறிக்கையின் ஓரத்தில் 'மிகை' என்று எழுதியவன் நான். அது அலுமாரிக்குள் போனது.

பிறகு, டென்மார்க்கின் ஆளுகையில் இருக்கும் கிரீன்லாந்து தனக்கு வேண்டும் என்றது அமெரிக்கா. மேலிடம் அவசரமாக அந்த அறிக்கையைத் தேடியது. அப்போது அக்காவின் புற்றுநோய் ஈரல்வரை பரவியிருந்தது. அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து மேலிடத்துக் கூட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வேறு நாடுகளிடம் கேட்டால் வான்பாதுகாப்பு ஆயுதங்கள் எப்போது வந்துசேரும் என்று அதிகாரி கேட்டார். "எல்லா நாடுகளும் அதே வாசலில் நிற்கின்றன. நாம் கடைசியில். ஆண்டுகள் ஆகும்" என்றார் அக்கா டேனிஷில். அதைவிட நல்ல பதில் இல்லையா என்று அதிகாரி கெஞ்சுவதுபோல் கேட்டார். "இல்லை" என்றார் அக்கா.

படையில் இருக்கும் ஆரனை கிரீன்லாந்துக்கு அனுப்பப்போவதாக அந்த வாரம்தான் கடிதம் வந்திருந்தது. காரில் திரும்பும் வழியில், சிவப்பு விளக்கில் நின்றபோது அக்கா என் கையைப் பிடித்தார்.

"ரவி, என்ர பிள்ளை ஆருக்கு எதிரா அங்க நிக்கப்போறான்? அமெரிக்கன் ஆக்களோடதானே பயிற்சி எடுத்தவன்."

அந்த அறிக்கையில் 'மிகை' என்று எழுதியது நான்தான் என்று மட்டும் சொன்னேன்.

"ஓம், தெரியும். உன்ர கையெழுத்து எனக்குத் தெரியாதே?"

மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை.

தகனம் முடிந்த மறுவாரம் ஆரன் புறப்பட்டான். விமான நிலையத்தில் அவனைக் கட்டிப்பிடித்தபோது, பயப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அவருடைய பயம். போகும் கூட்டங்களிலெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது எல்லோரும் குறித்துக்கொள்கிறார்கள். வேறு துணை தேட இன்னும் நேரம் இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.