சகுந்தலா மாமியின் தொட்டி

வங்காளத்துப் பெஹாலாவில் எங்கள் கட்டடத்திலேயே குளியல் தொட்டி உள்ள ஒரே வீடு, மாடியில் இருக்கும் சகுந்தலா மாமியுடையது. முன்பு அங்கே இருந்த கப்பல் எஞ்சினியர் ஆசை ஆசையாய்ப் போட்டது. துறைமுகத்தில் ஓய்வு பெற்ற மாமியின் கணவர் பட்டாபி அந்த வீட்டை வாங்கி மாமியோடு குடிவந்து இருபது வருடமாகிறது. பட்டாபியும் போய்ச் சேர்ந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அந்தத் தொட்டியில் யாரும் இறங்கிக் குளித்ததில்லை. மாமி அதில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்.

நான் கீழ்வீட்டு சேஷாத்ரி. கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீசில் குப்பை கொட்டியவன். கங்கை ஓடுகிற ஊரில் தொட்டி நிறையத் தண்ணீர் எதற்கு என்று மாமியைச் சீண்டுவது எனக்குப் பொழுதுபோக்கு. மாமி காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். தொட்டிமேல் பழைய படுக்கை விரிப்பைப் போட்டுக் கட்டி, வெள்ளிக்கிழமை தோறும் தண்ணீரை மொண்டு துணிக்கு, தரைக்கு, துளசிக்கு என்று தீர்த்து, கழுவித் துடைத்து மறுபடி நிரப்புவார். அடைப்பானைப் பிடுங்கி ஒரு சொட்டுகூட வீணாக்கியதில்லை. டெங்கு சோதனைக்கு வருகிறவர்கள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஏமாந்து போவார்கள்.

ஒருமுறை காரணம் சொன்னார். மதராஸில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற காலம். அவருடைய அப்பா இறந்த அன்று உடம்பைக் குளிப்பாட்ட வீட்டில் தண்ணீர் இல்லை. எதிர்வீட்டில் கெஞ்சி அரை வாளி வாங்கினார்களாம். அதற்கப்புறம் நான் வாயை மூடிக்கொண்டேன்.

இந்தச் சித்திரையில் மாமி மாடிப்படியில் விழுந்து வலது தோள் எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். மூன்று மாதம் அந்தக் கை மார்புக்கு மேலே போகக் கூடாது. சொம்பைத் தலைக்குத் தூக்க முடியாது. ஊரின் மறுகோடியில் சால்ட் லேக்கில் இருக்கும் ஒரே பெண் மேக்னா இரண்டு வாரம் லீவு போட்டுக் குளிப்பாட்டினாள். லீவு தீர்ந்ததும் ஓர் ஆயாவை வைத்தாள். மாமி இரண்டாம் நாளே அவளுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டார். மேக்னா கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டாள்: ஞாயிற்றுக்கிழமைக்குள் தானாகக் குளிக்க முடிந்தால் சரி, இல்லையென்றால் இந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு தன்னோடு வந்துவிட வேண்டும். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த வயதில் பூட்டுகிற வீட்டை யாரும் திரும்பத் திறப்பதில்லை. அது மாமிக்கும் தெரியும்.

ஷவர் இருக்கிறதே என்று டாக்டர்தான் எடுத்துக்கொடுத்தாராம். அதன் கீழே நின்றால் கையைத் தூக்க வேண்டியதில்லை. புதன்கிழமை மாமி என்னை மேலே கூப்பிட்டார். தொட்டிக் குழாயின் மூக்கில் ஒரு குமிழ் உண்டு. அதை மேலே இழுத்தால் உள்ளே ஒரு சின்னக் கதவு வாயை அடைத்து, தண்ணீரைச் சுவர் வழியாக ஷவருக்கு ஏற்றும். இருபது வருடம் தொட்டி நிரப்புவதற்கு மட்டுமே திறந்த குழாய். குமிழ் உப்புப் பூத்து இறுகிக் கிடந்தது. நான் மூச்சைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை.

மாமி புளியைக் கரைத்துத் துணியில் நனைத்து, குழாய்க்கும் ஷவருக்கும் பத்துப் போட்ட மாதிரி என்னைக் கட்டச் சொன்னார். மறுநாள் காலை குமிழ் மேலே வந்தது. ஆனால் ஷவரில் நாலு சொட்டு, மீதியெல்லாம் கீழ்வாயில். எங்கள் தெருவில் குழாய் வேலை பார்க்கும் ஒடியா மிஸ்திரி விரலை விட்டுப் பார்த்து, உள்ளே கதவு அரித்துப்போச்சு, மூக்கையே மாற்ற வேண்டும் என்றான்.

உடனே காலேஜ் தெருப் பக்கம் பாத்ரூம் சாமான் கடைக்கு ஓடினேன். இருப்பதில் பளபளப்பானதை வாங்கி வந்தேன். மிஸ்திரி பழையதைத் திருகி எடுத்தான். சுவரிலிருந்து குழாய் இரண்டு விரல்கடை நீட்டிக்கொண்டிருந்தது, நுனியில் மரை. நான் வாங்கியதோ நீளக் குழாயில் சொருகி, அடியில் ஸ்க்ரூ வைத்து முடுக்குகிற ஜாதி. திருகுவதா சொருகுவதா என்று பார்க்காமல் யாராவது வாங்குவார்களா என்று வங்காள மொழியில் கேட்டான். நாற்பது வருடம் குவார்ட்டர்ஸில் புகார்ப் புத்தகத்தில் எழுதியே குழாய் ரிப்பேர் செய்தவனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? படிக்காத புத்தி என்று என்னையே நொந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை பழைய மூக்கைப் பையில் போட்டு, சுவர்க் குழாயை நூலால் அளந்துகொண்டு மறுபடி போய்ச் சரியானதை மாற்றி வாங்கினேன். சனிக்கிழமை மிஸ்திரி மரையில் வெள்ளை டேப் சுற்றிப் பொருத்தினான். ஏறி இறங்கச் சுவரில் ஒரு கைப்பிடியும் வைத்தான். குமிழை இழுத்ததும் ஷவர் பொழிந்தது. கீழ்வாயில் சொட்டு இல்லை.

எல்லாம் சரி, ஷவருக்குக் கீழே தொட்டிதான், மாமி நிற்பது எங்கே? தொட்டி கழுத்து வரை நிறைந்திருந்தது. மொண்டு தீர்க்க அந்தக் கை உதவாது. நான் மொண்டு கொட்டுகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்று தலையாட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மாமி, தண்ணி வேணுமா, வீடு வேணுமா?"

மாமி தொட்டியைப் பார்த்தபடியே சொன்னார். "அப்பாவுக்கு அரை வாளி இல்லாமப் போச்சு சார். இதுல பத்து வாளிக்கு மேல இருக்கு. நான் எப்படிப் பிடுங்கி விடுவேன்?"

கேட்டிருக்கக் கூடாது என்று பட்டது. கீழே வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்துக்கொண்டிருந்தேன். என் பாத்ரூம் சுவரை ஒட்டிப் போகும் கழிவுக் குழாயில் திடீரென்று கடகடவென்று சத்தம். இருபது வருடத்தில் கேட்காத சத்தம். அது ஓடிற்று, ஓடிற்று, காபி ஆறிப்போகும்வரை ஓடிற்று. பிறகு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மெல்லிய நீரோட்டம் ஒன்று விட்டு விட்டுக் கேட்டது. மாமி குளிக்கிறார் என்று புரிந்து எனக்குக் கண் கலங்கியது. சொல்ல வெட்கமில்லை.

அதற்குள் மேக்னா வந்துவிட்டாள். அம்மாவின் துணிகளை அடுக்க ஒரு காலிப் பெட்டியோடு. அவளைக் கூப்பிட்டு அந்தக் குழாயைக் காட்டினேன். அவள் காதை வைத்துக் கேட்டாள். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் நிற்கும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

மேலே போனோம். மாமி ஈரத் தலையோடு கதவைத் திறந்தார். பாத்ரூமில் தொட்டி வெறுமையாய் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு வாளி, தட்டுப் போட்டு மூடியிருந்தது. மேக்னா தட்டைத் தூக்கிப் பார்த்தாள். அரை வாளி தண்ணீர்.

அது எதற்கென்று அவள் கேட்கவில்லை. தட்டைப் பழையபடி மூடினாள். காலிப் பெட்டியைக் காலியாகவே எடுத்துக்கொண்டு போனாள்.