நாலு தெருவுக்கு ஒரு போன்

மல்லிகா அக்கா காலமாகிவிட்டார். போன வாரம் அவர் மகள் கீதா போன் செய்து, "அங்கிள், அம்மா போயிட்டாங்க" என்று சொன்னபோது நான் செங்குன்றத்தில் ஒரு ரைஸ் மில்லில் மெஷினுக்கு அடியில் படுத்துக்கிடந்தேன். கையைத் துடைத்த துணியோடு ஆரணிக்குப் பஸ் ஏறினேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் அக்கா ஆரணியில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். நான் அங்கே ஒரு அரிசி ஆலையில் புது மெஷின் பூட்ட ஒரு வாரத்துக்கென்று வந்தவன். ஒரு ஸ்பேர் வந்து சேரவில்லை. ஒரு வாரம் மூன்று மாதமாயிற்று. மெஷின் ஓடாமல் ஊர் திரும்பக் கூடாது என்று கம்பெனி உத்தரவு. லாட்ஜ் அறைக்கு ஒரே ஜன்னல், அதற்கு எதிரே ஒரு சுவர். காலையில் சைக்கிளை எடுக்கலாமென்றால் தெரு நெடுகத் தறிக்கான பட்டுப் பாவு நூலை நீட்டிக் கட்டியிருப்பார்கள். அதைச் சுருட்டும்வரை வெளியே வர வழியில்லை. என்ன ஊரடா இது என்று வாய்விட்டே திட்டுவேன்.

தினமும் பூத்துக்குப் போய்க் கம்பெனியைக் கூப்பிடுவேன். "இன்னிக்குக் கிளம்பிடும்" என்பார்கள். ரிசீவரை நான் வைக்கிற வேகத்திலேயே அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

"இன்னா சார், இன்னிக்கும் ஊத்திகிச்சா? போனை ஒடைச்சிடாதீங்க. நாலு தெருவுக்கும் அது ஒண்ணுதான்."

உண்மைதான். நாலு தெரு ஜனங்களும் வெளியூர் உறவுக்கெல்லாம் அந்த எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். அழைப்பு வந்தால் அக்கா, "பத்து நிமிஷம் கழிச்சி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, தெருவில் போகிறவரிடம் சேதி சொல்லி அனுப்புவார். பிரசவமோ சாவோ, முதலில் அவர் காதில்தான் விழும். அவர் கணவர் தறியை விட்டு எழ மாட்டார், இவர் போனை விட்டு எழ மாட்டார்.

"நீங்களாவது சுத்துங்க சார். சுத்திட்டு வந்து எனுக்கு சொல்லுங்க" என்று என்னை விரட்டுவார். சேவூர் பக்கம் நாற்று நட்டாயிற்றா, கோட்டை மைதானத்தில் யார் பந்தாடுகிறார்கள், எல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே போவேன். திரும்பி வந்து சொல்ல வேண்டுமே என்பதற்காகக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கவும் ஆரம்பித்தேன்.

ஐப்பசியில் ஜவ்வாது மலையில் நல்ல மழை. வறண்டு கிடந்த கமண்டல நாகநதியில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரே குடும்பம் குடும்பமாக வேடிக்கை பார்க்கக் கிளம்பியது.

"பூத்து வெச்சப்புறம் ஆத்துல தண்ணிய நான் கண்ணால பாக்கல சார். பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார் அக்கா.

நான் லாட்ஜில் படுத்துத் தூங்கிவிட்டேன். மாலையில் போய், "பாலத்துக்கு இரண்டடி கீழே ஓடுதுக்கா" என்று கூசாமல் அளந்தேன். அக்கா என் காலைப் பார்த்தார்.

"செருப்புல ஒரு பொட்டு சேறு இல்ல. பொய்யாவது ஒழுங்கா சொல்லக்கூடாதா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் முகம் வாடிவிட்டது. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

மறுநாள் காலையில் போய், "எழுந்திருங்கக்கா. போனை நான் பாத்துக்கறேன், நீங்களே போய்ப் பாருங்க. தண்ணி ரெண்டு நாள்ல வடிஞ்சிடுமாம்" என்றேன். மாட்டேன் என்று மல்லுக்கட்டினார். ஒருவழியாகக் கிளம்பியவர், கால் மணி நேரத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்துவிட்டார்.

"பாத்தீங்களா?"

"இல்ல சார். பாதி வழியில யாரோ வூட்டு டிவியில போன் அடிச்சிது. மனசு கேக்கல. யாருக்குன்னா வந்துதா?"

எனக்கு வந்ததே கோபம்! "இந்த போனை நான் ஒண்ணும் முழுங்கிட மாட்டேன். தண்ணியில காலை வைக்காம வந்தீங்கன்னா, நாளையிலேருந்து நான் வேற பூத்துக்குப் போயிடுவேன்" என்று கத்தினேன். அந்த மிரட்டல் பலித்தது.

அவர் இல்லாத இரண்டு மணி நேரத்தில் ஐந்து அழைப்புகள். யாரையும் எனக்குத் தெரியாது, விசாரித்து விசாரித்து நானே ஓடினேன். குறுக்கே பாவு நீட்டியிருந்த தெருவில் ஒருவர் அதைத் தூக்கிப் பிடித்து, "போன்தானே? குனிஞ்சி பூந்து போங்க" என்று வழிவிட்டார். பம்பாயிலிருந்து மகன் பேசுகிறான் என்றதும் ஒரு தாய் ஈரக் கையோடு என்னை முந்திக்கொண்டு ஓடினார். "அக்கா ஆத்துக்கா போயிகினு இருக்குது? நல்லதாப் போச்சு!" என்று சொல்லாத வீடில்லை. ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள், ஒரு வீட்டில் இட்லி சாப்பிடாமல் விடவில்லை. மூன்று மாதம் திட்டிய ஊர் அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்துப்போனது.

அக்கா முழங்கால் வரை நனைந்த புடவையோடு வந்தார்.

"இன்னா இரைச்சல் சார்! இவ்ளோ நேரம் யாரு பேசறதும் என் காதுல வுழல" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

ஸ்பேர் வந்தது, நானும் ஊர் திரும்பினேன். அதன்பிறகு ஆரணிப் பக்கம் வேலை என்றால் நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். சில வருஷங்களில் எல்லோர் கையிலும் செல்போன் வந்து பூத் ஓய்ந்தது. "இப்ப நேரம் கெடக்குது, ஆத்துலதான் தண்ணி இல்ல" என்று அக்கா சிரிப்பார். ஆனாலும் அந்தப் போனை வீட்டுக்கு மாற்றி வைத்திருந்தார். விட்டுத் தொலையுங்களேன் என்றால், "யாருன்னா பழைய நம்பரை வெச்சிகினு இருப்பாங்க சார்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

போன வாரம், அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு அந்தப் போன் அடித்தது. கீதா அழுதுகொண்டிருந்தாள். நான் எடுத்தேன். பெங்களூரிலிருந்து ஒருவர். வைத்ததும் துபாய், பிறகு பம்பாய். அந்த நாலு தெருவில் வளர்ந்து வெளியூர் போன பிள்ளைகள். இந்த எண் அவர்களுக்கு மனப்பாடம். சாயங்காலம்வரை போன் ஓயவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் என்னை அறியாமல், "யார் வீட்டுக்குங்க?" என்று கேட்டேன்.

ஒன்றுகூட வேறு வீட்டுக்கு வரவில்லை. அத்தனையும் உங்களுக்குத்தான் அக்கா. நிம்மதியாகப் போய் வாருங்கள்.