இரண்டு நிறம்

செம்மண்டலத்தில் மகன் வீட்டில் இப்போது காலையானால் நிறப் பாடம்தான். இரண்டரை வயதுப் பேத்தியை உட்கார வைத்து, மருமகள் பிளாஸ்டிக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவாள். குழந்தை எல்லாவற்றையும் புளூ என்று சொல்லும். மருமகளுக்கு அது பெரிய கவலை. எனக்கு இல்லை. நாலு வயதுவரை நான் அறிந்திருந்த நிறங்களே இரண்டுதான்.

அப்பாவுக்குக் கிள்ளைக்குப் பக்கத்தில் ரயில்வே கேட்டில் வேலை. அம்மா இறந்தபின் அந்த ஒற்றை அறையில் நானும் அவரும் மட்டும். சுற்றிலும் வயல். ஆடு மேய்க்கிறவர்கள் யாராவது வந்தால் பேச்சுச் சத்தம் கேட்கும், இல்லாவிட்டால் அதுவும் கிடையாது. அப்பாவிடம் இரண்டு கொடிகள் இருந்தன. சிவப்பைக் காட்டினால் வண்டி நிற்கும், பச்சையைக் காட்டினால் போகும். எனக்குச் சொல்லித்தர அவருக்கு அதுவே போதுமாயிருந்தது. வாழைப்பழத்தை நான் சிவப்பு என்றாலும் சிரித்துக்கொண்டே உரித்துத் தருவார்.

ஒருநாள் கடலூரிலிருந்து அத்தை வந்தாள், அப்பாவுக்கு அக்கா.

"தண்டவாளத்து ஓரத்துல புள்ளய வெச்சிக்கினு என்னாடா பண்ணுவ? நான் இட்டுக்கினு போறேன்."

அப்பா என் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தார்.

அத்தை என்னைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போய்ச் சாமி கும்பிட வைத்து, அங்கேயே ரயிலேற்றினாள். நான் அழாதது அவளுக்கு ஆச்சரியம். கடலூர் வண்டி எங்கள் கேட்டைத் தாண்டித்தானே போகவேண்டும்? அப்பா சிவப்பைக் காட்டுவார், வண்டி நிற்கும், நான் இறங்கிக்கொள்வேன். இதில் அழ என்ன இருக்கிறது?

கேட் வந்தது. அப்பா வழக்கம்போல் விறைப்பாக நின்று கையை நீட்டியிருந்தார். கையில் பச்சை.

"செவப்பு காட்டுப்பா" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். வண்டி போய்க்கொண்டே இருந்தது.

அத்தை வீட்டில் பிள்ளைகள் ஜாஸ்தி. யாரோடும் நான் ஒட்டவில்லை. கொடியில் காயும் புடவைகளைக் காட்டி அத்தை எனக்கு மஞ்சள், நீலம், ஊதா எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். கற்றுக்கொண்டேன். பச்சையைக் காட்டினால் மட்டும் வாயை இறுக மூடிக்கொள்வேன். பிள்ளைகள் முருங்கை இலையை என் மூக்குக்கு நேரே ஆட்டி ஆட்டிக் கேட்பார்கள். கண்ணில் கோளாறாக இருக்கும், டாக்டரிடம் காட்டு என்று மாமா அத்தையிடம் சொன்னார்.

லீவு கிடைத்து அப்பா வந்தார். குழாயடியில் கைகால் முகம் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தவரிடம் அத்தை விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணெதிரிலேயே ஒரு பச்சைமிளகாயை எடுத்து என்னிடம் நீட்டி, இது என்ன கலர் என்று கேட்டாள். நான் அப்பாவைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

"அவனுக்குத் தெரியும்க்கா" என்றார் அப்பா. "கேக்காத."

பாதிச் சோற்றில் எழுந்து மறுபடி குழாயடிக்குப் போனார். வெகுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். இப்போதுதானே கழுவினார், மறுபடி எதற்கு என்றுதான் எனக்கு யோசனையாக இருந்தது.