வெங்கடம்மாள் பரிமாறிய இறால்

பீளமேட்டு மில்காரர் வீட்டில் செல்லமாக வளர்ந்த வெங்கடம்மாள், கட்டிக்கொண்டது கோவிந்தராஜுலுவை. கல்யாணமான நாள் முதல் அந்த மனிதரின் நல்ல பெயரைக் காப்பாற்றுவதே அவள் வேலை.

உடுமலைப்பேட்டைக்கு வெளியே, தென்னந்தோப்பில் அவருக்கு இரண்டு இறால் குட்டைகள். பெரியது விற்பனைக்கு. அதில் விரித்த நீல பிளாஸ்டிக் ஷீட் வெயிலில் அப்பளமாகப் பொரிந்து உதிர்ந்தது. இறாலைக் கீறினால் குடலோடு நீலப் பொடி வரும். சின்னது வெறும் மண் குட்டை. அது வீட்டுச் சாப்பாட்டுக்கு. ஷீட்டை மாற்றும்படி அவள் சொன்னதற்கு, தின்கிறவன் யாரென்று நமக்குத் தெரியவா போகிறது என்றார். இவருக்குக் கோயிலில் முதல் மரியாதை வேறு.

ஆர்.எஸ்.புரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் பிரீத்திகா, ஐந்து மாதக் கர்ப்பிணி, ஒருநாள் போனில் சொன்னாள்: "அப்பா போட்டோ போட்ட பாக்கெட்டாப் பாத்து வாரா வாரம் வாங்கறம்மா. எங்கப்பா தோப்பு இறாலுன்னு அத்தைகிட்டப் பெருமையடிச்சுப்போட்டேன்."

இனித் தொடாதே கண்ணு என்றாள் தாய். காரணம் சொன்னால் அவர் பெயர் கெடுமே என்று போனை வைத்துவிட்டாள். மகள் தின்பதைச் சொல்லி, விற்பனையை நிறுத்தும்படி கணவரின் காலில் விழுந்தாள். பண்ணைப் பதிவைப் புதுப்பிக்க மீன்வளத்துறை அதிகாரி வரும் நேரத்தில் ஒப்பாரி வைக்காதே என்று காலை இழுத்துக்கொண்டார் அந்தத் தகப்பன்.

அதிகாரி தமிழ்வேந்தன் வந்தார். மண் குட்டையைக் காட்டி, பெரியதும் இதே மாதிரிதான் என்றார் கோவிந்தராஜுலு. வெயிலுக்குப் பயந்த அதிகாரி நிழலிலேயே தலையாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். வெங்கடம்மாள் பரிமாறினாள். அதிகாரி இலையில் மண் குட்டை இறால். கணவர் இலையில், குடல் எடுக்காத பெரிய குட்டை இறால்.

நீலப் பொடியைக் கண்டதும் கோவிந்தராஜுலு நிமிர்ந்தார்.

"சாப்பிடுங்க," என்றாள் மெதுவாக. "உங்க மக சாப்பிட்டதுதானுங்க."

அவர் இலையைத் தள்ளியிருந்தால், அந்த ஒரு வெட்கத்துக்காகவே அவள் மன்னித்திருப்பாள். அதிகாரியின் கையெழுத்து இன்னும் விழவில்லையே! சிரித்துக்கொண்டே மென்றார். ருசி என்றார். இன்னொரு கரண்டி கேட்டார்.

மகளுக்காக விற்பனையை நிறுத்தச் சொல்லித் திறக்காத வாய், ஒரு கையெழுத்துக்காகத் திறந்தது. இந்த மனிதரின் பெயரையா இத்தனை காலம் காப்பாற்றினோம் என்று நினைத்தாள்.

கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏனுங்க சார், பெரிய குட்டையை நீங்க இன்னும் பாக்கலீங்களே. கை கழுவிப்போட்டு வாங்க, நான் காட்டறேன்."

அப்போதுதான் அந்த மனிதர் மெல்லுவதை நிறுத்தினார்.