கடைசி பட்டனுக்கு முன்னால் ஒரு பெயர்

அப்பாவுக்குத் தொண்டையில் ஒரு கட்டி. பெரிய டாக்டரிடம் காட்டும்வரை வாயைத் திறந்து பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் பழக்கடை வைத்திருப்பவர் அவர். சீசனில் தண்ணீர் இரைச்சலுக்கு மேலே அவர் குரல் கேட்கும். அந்த மனுஷன் பக்கத்து ஊரான இலஞ்சியில் வீட்டோடு உட்கார்ந்துகொண்டு, குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். அது என்ன கட்டி என்று நாங்கள் யாரும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் பெரிய டாக்டர் தென்காசிக்கு வாரம் ஒருமுறைதான் வருவார். டோக்கன் ஆன்லைனில் மட்டும். வியாழக்கிழமை காலையில் திறந்தால் ஒரு காபி ஆறுவதற்குள் தீர்ந்துவிடும். நான் சென்னையில் இருந்தபடி முயன்று பார்த்தேன். ஓடிபி அப்பாவின் போனுக்கு வரும். அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டி, எனக்குப் போன் போட்டு வாசிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆஸ்பத்திரியில் கேட்டால், “ஆன்லைன்ல பாருங்க மேடம்.” நாசமாய்ப் போன ஆன்லைன்!

சரி, என் பிழைப்பையே வீட்டுக்குக் கொண்டுபோவோம் என்று லீவு போட்டு ஊருக்கு வந்தேன். ஏஐ உதவியாளர் தானே பிரவுசரைத் திறந்து, பக்கத்தைப் படித்து, பட்டன்களை அமுக்கும்படி ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் ஆபீசில் என் வேலை. வீட்டில் கிடந்த என் பழைய லேப்டாப்பில் அதற்கான கருவிகளை ஏற்றினேன். அதற்கென்று தனியாக ஒரு பிரவுசர். ஆஸ்பத்திரிப் பக்கத்தைத் தவிர வேறெங்கும் போகாதபடி ஒரு பூட்டு. வாயால் பேசினால் போதும், தமிழிலேயே பதில் சொல்லும்.

“ஏட்டி, இதுகிட்ட மரியாதையாப் பேசணுமா, வா போன்னு சொல்லலாமா?” என்று அம்மா கேட்டாள்.

“ஒனக்கு எப்படி வருதோ அப்படிப் பேசும்மா.”

ஒத்திகை பார்த்தபோது அது அப்பாவை விட்டுவிட்டு அம்மா பெயரைத் தேர்ந்தெடுத்தது. ஒரே கணக்கில் இரண்டு பேரையும் பதிந்து வைத்திருந்தோம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே ஒரு விதி எழுதிச் சேர்த்தேன்: கடைசி பட்டனை அமுக்குவதற்கு முன்னால் நின்று, நோயாளியின் பெயரைக் கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் சொல்கிற பெயரும் திரையில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருந்தால்தான் அமுக்க வேண்டும். நானே அப்பா பெயரைச் சொல்லிப் பார்த்தேன், கச்சிதமாக வேலை செய்தது. பெருமையோடு அன்று சாயங்காலமே ரயிலேறினேன். என் மண்டையில் களிமண்தான் இருந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை நான் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டேன். டோக்கன் கிடைக்கவில்லை என்று அம்மா ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். நடந்த பேச்சையெல்லாம் அந்தக் கருவி எழுதி வைத்திருக்கும். எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது, ஓடிபியைக்கூட அம்மா டக்கென்று வாசித்திருக்கிறாள். அப்புறம் அது கேட்டிருக்கிறது: நோயாளியின் பெயரைச் சொல்லுங்கள்.

“இவுகதான்.”

மன்னிக்கவும், பெயரைச் சொல்லுங்கள்.

“எங்க வீட்டுக்காரக.”

மன்னிக்கவும், பெயரைச் சொல்லுங்கள்.

“நம்ம இலஞ்சி கோயில்ல இருக்காருல்லா, அவரு பேருதான்யா. நீயே பாத்துப் போட்டுக்கோ.”

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதே கிடையாது. கோயிலில் அர்ச்சனைக்குக்கூட நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், பெயரை நான் சொல்ல வேண்டும். நான் பாட்டுக்கு அந்தப் பெயரை விதியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஒரு வாரம் வீணாகிவிட்டது.

உடனே போன் போட்டேன். “எம்மா, அந்த விதிய எடுத்துருதேன். ஒன்னக் கேக்காமலே அது அமுக்கிரும்.”

“வேண்டாம்ட்டி. யாருக்குன்னு கேக்குததுல என்ன தப்பு இருக்கு? அது பாட்டுக்கு மாத்திப் போட்டுட்டா இன்னொரு வாரம் போயிரும்லா?”

“அப்போ நான் வீடியோ கால்ல வந்து பேரச் சொல்லுதேன்.”

“நீ சும்மா இரு. இங்கன இருக்கது நான்தான, நான் சொல்லிக்கிடுதேன்.”

அடுத்த வியாழக்கிழமை வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பிரவுசர் தானே திறந்தது, நேரத்தைப் பிடித்தது, அம்மா ஓடிபி வாசித்தாள். அது வழக்கம்போல நின்று கேட்டது. அம்மா ஒருதரம் உள்ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சொல்லும்மா, சொல்லிரும்மா என்று எனக்குள் கத்தினேன்.

சொன்னாள். இனிஷியலோடு சேர்த்து, சத்தமாக, முழுப் பெயரையும்.

டோக்கன் விழுந்தது. நான் மூச்சு விட்டேன். அதற்குள் உள்ரூமிலிருந்து அப்பா வந்து நிலைப்படியில் நின்றார்.

“ஒங்களக் கூப்பிடல. இதுகிட்டத்தான் சொன்னேன்” என்றாள் அம்மா.

அப்பா பேசக் கூடாதே. உள்ளங்கையைக் குவித்துக் காதில் வைத்துக்கொண்டு, அவள் பக்கம் லேசாகச் சாய்ந்தார்.

“ஏட்டி, நீ போன வையி” என்றாள் அம்மா.

நான் கட் பண்ணுவதற்குள் இரண்டாவது தடவையும் அந்தப் பெயர் காதில் விழுந்துவிட்டது. இந்தத் தடவை மெதுவாகச் சொன்னாள்.